நீ எனக்காகச் சொன்ன பதில்

தினேஷ்,

வரும் வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். இதை எழுத ஆரம்பித்தபோது நிச்சயதார்த்தம்கூட ஆகவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துத் திரையில் வைப்பதற்குள் எனக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிடுகிறது. பக்கத்து வீட்டு அஞ்சலை துடைத்துவிட்டு, "இன்னாக்கா இம்மா நேரமா எழுதிக்கினே கீற, புஸ்தகம் போடப் போறியா?" என்று கேட்கிறாள். நீ கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகுதான் எழுதுகிறேன். நீ திரும்பி வரும் முன் மூடி வைக்கச் சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேசுவது என்றால், நான் எழுதுவதை அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிற பெண் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பாள். நீ பாதியில் எழுந்து, கழுத்துக் குழாயில் சளி அடைத்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் என் முகத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். காகிதத்துக்குப் பின்னால் போய் நிற்க முடியாது, அதனால்தான். எழுத உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்துத் தமிழ்தான் எனக்கு வருகிறது. இது நம் அம்மா பேச்சு மாதிரி இல்லையே என்று நினைக்காதே.

போன மாதம் நீ உன் நைனாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னும் கொஞ்ச நாளு தள்ளி வச்சுக்கலாம் நைனா. அம்மாவ இப்பிடி வுட்டுட்டு நான் எப்பிடி ஆரம்பாக்கத்துக்குக் குடி போறது? சுகன்யா புரிஞ்சிக்குவா" என்றாய். உன் நைனா வலையை உதறிக்கொண்டிருந்தார். சுகன்யா புரிந்துகொள்வாள் என்கிறாயே, அவளைக் கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய். ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் பதிலை நீ சொல்லிவிடுகிறாய். அந்தப் பழக்கம் உனக்கு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம்தான். என் வாய் போனதால்தான்.

என் நோய் முதலில் நாக்கில் வந்தது. கை கால் எல்லாம் அப்போது நன்றாக இருந்தன. விடிந்ததும் கரையில் மீன் எடுத்துப் பழவேற்காடு மார்க்கெட்டில் கூறு கட்டி உட்கார்ந்தால் என் சத்தம் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்தச் சத்தம் குழைய ஆரம்பித்தது. 'இறால்' என்று கூவினால் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு கூவுவதுபோல வந்தது. வழக்கமாக நண்டு வாங்குகிற ஒரு ஆள் கூட்டத்துக்கு நடுவே, "இன்னாமே, காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு மட்டும் சிரிப்பு நிற்கவில்லை. வயிறு இழுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் சிரித்தேன். அதுவும் நோயின் வேலைதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்த நேரம் பார்த்து நீ ஐஸ் கட்டி தூக்கிக்கொண்டு வந்தாய். பொன்னேரியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஐஸைக் கீழே போட்டுவிட்டு அந்த ஆளின் சட்டையைப் பிடித்துத் தூக்கினாய். "எங்கம்மா குடிக்கமாட்டாங்க. அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல!" என்று கத்தினாய். உடம்பு சரியில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அன்றுதான் முதல்முறையாக நீ எனக்காகப் பேசினாய்.

அதற்குப் பிறகு என் பேச்சு உனக்கு மட்டும்தான் விளங்கியது. உன் நைனா பாவம், நான் சொல்வது புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். கடையில், பஸ்ஸில், சொந்தக்காரர் வீட்டில், நான் குழறினால் நீ பக்கத்தில் நின்று திருப்பிச் சொல்வாய். சென்னையில் பெரிய டாக்டரிடம் போனோமே, நினைவிருக்கிறதா? அவர் ஏ.எல்.எஸ். என்றார். தசைகளை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், கை கால் போகும், விழுங்குவது போகும், கடைசியில் மூச்சு, ஆனால் புத்தி தெளிவாக இருக்கும், குணமாக்க மருந்து இல்லை என்றார். நான் அவரிடம் ஒன்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, உன்னைப் பார்த்தார். "எத்தினி நாளைக்கு வேலை செய்யலாம்னு கேக்குறாங்க சார்" என்றாய். நான் கேட்டது அது இல்லை. "சாவும்போது மூச்சு முட்டுமா?" என்று கேட்டேன். நீ தப்பாகக் கேட்டுக்கொண்டாயா, சரியாகக் கேட்டும் சொல்ல வாய் வரவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் வேலையைப் பற்றி ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சொன்னதை நீ சரியாகத்தான் கேட்டாய். திருப்பாலைவனம் தாண்டி வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கொழா கிழா எதுவும் எனக்கு வேணாம்டா. மூச்சு நின்னா நிக்கட்டும், வுட்டுடு" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். நான் சொன்னது நிஜம். அன்றைக்கு அதுதான் என் மனசு. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிறகு ஆஸ்பத்திரியில் நீ சொன்னது நீயாக இட்டுக்கட்டியது இல்லை என்று எனக்குத் தெரியும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கை போய், கால் போய், பேச்சு சுத்தமாகப் போய், கண்ணும் இமையும் மட்டும் மிஞ்சியிருந்தபோது அந்த ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். மூளைக்குள் ஊசி முனை அளவு கம்பிகளைப் பதித்து, கையை அசைக்க நான் நினைப்பதைப் பிடித்துத் திரையில் எழுத்தாக்குவோம், நோய் குணமாகாது, எழுத மட்டும் செய்யலாம் என்றார்கள். உன் நைனாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "மண்டைய ஓட்ட போட்டு இன்னாத்தப் பாக்கப் போறாங்க?" என்றார். நீதான் என் கண்ணைப் பார்த்து, எனக்கு வேண்டும் என்று அவர்களிடம் சொன்னாய். அப்போதும் நீ சொன்னது சரி. தலையைச் சிரைத்து, உச்சிக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் வைத்து, அதில் ஒயரை மாட்டினார்கள். அந்த எஞ்சினியர் பெண் நித்யா வாரத்துக்கு இரண்டு நாள் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பாள். "கையை மூடுறதா நெனைங்கம்மா, பந்தைப் புடிக்கிறதா நெனைங்கம்மா" என்பாள். நான் எந்தக் காலத்தில் பந்து பிடித்தேன்? திரையில் புள்ளி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். ஒரு நாள் அலுத்துப்போய், இறால் தலையைக் கிள்ளுவதாக நினைத்தேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு கிள்ளு. புள்ளி நின்றது, எழுத்து விழுந்தது. நித்யா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

அப்படிக் கிள்ளிக் கிள்ளி உங்களோடு பேசினேன். என்ன பேசினேன்? முதுகு அரிக்கிறது, ஃபேனைக் குறை, குழம்பு வாசனையில் புளி தூக்கலாக இருக்கிறது, உன் நைனா குளித்துவிட்டு வரட்டும். வேறென்ன பேசுவது ஒரு வீட்டில்? பஸ்ஸில் சொன்னேனே ஒரு வார்த்தை, அது எனக்குள் மாறிப்போயிருந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. நீயும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் நான் பயப்படுவேன் என்று நினைத்திருப்பாய். நானாகச் சொன்னால் நீ பயப்படுவாய் என்று நானும் சொல்லவில்லை.

சளி பிடித்து நெஞ்சில் இறங்கிய அந்த நாளுக்கு வருகிறேன். நாம் இருவரும் இதுவரை பேசாத நாள். அன்று உன் நைனாவுக்குப் பாடு. ஏரியில் அந்த இடத்தில் வலை போட அவர் முறை, விட்டால் மறுபடி முறை வரக் காத்திருக்க வேண்டும். விடியும் முன்பே போய்விட்டார். எனக்கு மூச்சு சீறியது, உதடு நீலமாயிற்று என்று அஞ்சலை பிறகு சொன்னாள். நீ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாய். வந்தவர்கள், "அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தூக்கிக்கினு போக முடியாதுப்பா, சீக்கிரம்" என்றார்கள். நீ தலையிலிருந்து ஒயரைக் கழற்றி, குமிழை மூடிவிட்டு, என்னைத் தூக்கினாய். என் பேச்சு வீட்டிலேயே நின்றுபோனது.

சென்னை ஆஸ்பத்திரியில் முகத்தில் இறுக்கமாக மாஸ்க் மாட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் காற்று கசிந்து என் கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டாக்டர் உன்னிடம் பேசியது எனக்கு முழுதாகக் கேட்டது. "இந்த மாஸ்க் தாங்காது. கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சு மெஷின்ல போட்டாத்தான் உண்டு. வச்சா அப்புறம் ஆயுசுக்கும் மெஷின்தான். அவங்க விருப்பம் என்ன?" என்றார். நீ, "வேணாம் சார். எங்கம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. இப்பிடி இழுத்துக்கினு கெடக்க அவங்களுக்குப் புடிக்காது" என்றாய். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாய். அந்தப் பேனாவின் மூடி கீழே விழுந்து உருண்டதுகூட எனக்குக் கேட்டது.

டாக்டர் நல்லவர். என்னிடமும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று உள்ளே வந்தார். குனிந்து, "குழாய் வேண்டாம்தானே அம்மா? ஆமான்னா கண்ணை மூடித் திறங்க" என்றார். நான் கண்ணை விரியத் திறந்து வைத்திருக்கப் பார்த்தேன். இருந்த பலமெல்லாம் அந்த இமைகளில்தான். மாஸ்க்கின் காற்று கண்ணில் அடித்தது. இமை மூடிக்கொண்டது. "பாருங்க சார், ஆமான்றாங்க" என்றாய். என் நெற்றியில் முத்தம் கொடுத்தாய். உனக்கு ஏழெட்டு வயசானதிலிருந்து நீ எனக்கு முத்தம் கொடுத்ததே இல்லை. அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதுகிறேன். ஏரியில் சேற்றில் கால் புதைந்து, தண்ணீர் மூக்குக்கு மேலே போகும்போது, கரையில் நிற்கிற சொந்தப் பிள்ளை அழுதுகொண்டே கையசைத்து வழியனுப்பினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

உன் நைனா வந்து சேர்ந்தது மத்தியானத்துக்கு மேல். கரைக்கு வந்ததும் அஞ்சலை விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மனுஷன் வீட்டுக்குள் போய், நித்யாவுக்குப் போன் பண்ணி, எதை எதைக் கழற்ற வேண்டும் என்று கேட்டு, கம்ப்யூட்டரையும் பெட்டியையும் ஒயரையும் கிடைத்த துண்டு எல்லாவற்றிலும் சுற்றி, மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடி, மீன் லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய குட்டி யானை வேனில் ஏறிவிட்டார். வழியெல்லாம் மழை. ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன், "மீன் பொட்டிலாம் உள்ள எடுத்துனு போவக்கூடாது" என்று மறித்தானாம். இவர் மூடியைத் திறந்து காட்டி, "இதுல என் பொண்டாட்டி வாயி கீதுயா" என்றாராம். நித்யா வந்து சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். அவர் ஏதோ தெரிந்துகொண்டு இதையெல்லாம் செய்தார் என்று நினைக்காதே. நான் ஒருவேளை ஏதாவது கேட்பேன் என்று கொண்டுவந்தார், அவ்வளவுதான். நீ அவரைப் பார்த்து, "இப்ப எதுக்கு நைனா இது, அம்மாவ நிம்மதியா வுடு" என்றாய். "அவ பேசட்டும்டா. பேசிட்டுப் போவட்டும்" என்றார்.

நித்யா ஒயரை மாட்டினாள். எனக்கு அரைமயக்கம். புள்ளி எங்கெங்கோ ஓடியது. முதலில் விழுந்த எழுத்துகளுக்கு அர்த்தமே இல்லை. டாக்டர் மணியைப் பார்த்தார். நான் கிள்ளினேன், மறுபடி கிள்ளினேன். 'குழாய் போடுங்க' என்று வந்தது. பெட்டிக்குள் இருக்கிற பெண் அதைச் சத்தமாக வாசித்தாள். டாக்டர், "வச்சா திரும்ப எடுக்கிறது கஷ்டம்மா, தெரியும்ல?" என்றார். 'தெரியும். போடுங்க.' அவ்வளவுதான் நான் பேசியது. உன் முகத்தை நான் பார்த்தேன், தினேஷ். நீ சுவரைப் பிடித்துக்கொண்டாய். பிறகு வெளியே போய்விட்டாய். நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தை டாக்டர் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

ஏன் மாறினேன் என்று நீ கேட்டதே இல்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. உன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அந்த நேரத்தில் நீ என் நினைப்பிலேயே இல்லை. பயம். மூச்சுக்குப் பயம். டாக்டரிடம் அன்று நான் கேட்டேனே, அந்தப் பயம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஆசையும் இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று. எதைப் பார்க்க என்று கேட்டால் பதில் இல்லை. கட்டிலில் கிடந்தபடி வாசல் வழியாகத் தெரிகிற அந்த ஒரு துண்டுத் தண்ணீரை, உன் நைனா துண்டை உதறுவதை, அஞ்சலை மருமகளோடு சண்டை போடுவதை. இருக்கிறவர்களுக்கு இருப்பது பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

அதற்கு விலை கொடுத்தவன் நீ. வேலையை விட்டாய். சளி உறிஞ்ச, குழாய் மாற்ற, மெஷின் கத்தினால் ஓடிவரப் படித்துக்கொண்டாய். காட்டூரில் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் ஒரு நாள் வந்து வாசலில் நின்று மெஷினையும் என்னையும் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். நீ உள்ளே வந்து என் சளியை உறிஞ்சி எடுத்தாய். ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு என் எதிரில் எனக்காக நீ எதையுமே சொல்லவில்லை. நான் 'ஆ' என்று ஆரம்பித்தால் அது 'ஆமா'தான் என்று தெரிந்தும், முழுதாக விழும்வரை கைகட்டிக் காத்திருந்தாய், கோர்ட்டில் நிற்கிறவன் மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. என் பிள்ளை போய் ஒரு வேலைக்காரன் வந்ததுபோல இருந்தது.

ஒரே ஒரு தடவை உன் மனசில் இருந்தது வாயில் வந்தது. புயல் மழையில் ஏரி வீட்டு வாசல்வரை ஏறி, கரண்டு போய், பகலெல்லாம் ஓடிய இன்வெர்ட்டரும் தீர்ந்துபோன அந்தச் சாயங்காலம். மெஷின் நின்றது. உன் நைனா ஜெனரேட்டர் கேட்டுப் படகில் போயிருந்தார். ரோடு இல்லை, எல்லாம் தண்ணீர். என் கழுத்துக் குழாயில் அந்த ரப்பர்ப் பையை மாட்டி நீ கையால் அமுக்கிக்கொண்டிருந்தாய். அமுக்கினால் எனக்கு மூச்சு, விட்டால் இல்லை. கை மாற்றினாய். மறுபடி மாற்றினாய். அப்போது என்னைப் பார்க்காமல், "இதுக்குத்தானேம்மா போடச் சொன்ன?" என்றாய். சொல்லிவிட்டு, பையை அமுக்குவதை நிறுத்தினாய்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கொஞ்சம்தான் இருக்கும். என் நெஞ்சு ஏறவில்லை. நீ உன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு மறுபடி அமுக்கினாய், முன்னைவிட வேகமாக. அழுதுகொண்டே, "மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா" என்றாய். கம்ப்யூட்டர் ஓடாததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கரண்டு வந்த பிறகு நீ அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்கவில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ என்ன நினைத்தாய்? கை ஓய்ந்துபோயிற்று என்று நானே சொல்லி உன்னை விடுவித்துவிடலாம். வேறு ஏதாவது என்று நினைத்து உன்னை வெறுக்கவும் செய்யலாம். நான் உனக்காகப் பதில் சொல்லப் போவதில்லை. அது உனக்குத்தான் தெரியும். நீ அதை யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடமும். நான் என்ன நினைத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். விட்டுவிடு என்று நினைத்தேன். விட்டுவிடாதே என்றும் நினைத்தேன். இரண்டும் ஒன்றாகவே வந்தன. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதோடுதான் உன்னைப் பெற்றவளாக இருக்கிறேன். இரண்டுக்கும் இந்தக் கட்டிலில் இடம் இருக்கிறது.

இப்போது நடக்கிறதை நீ கவனித்திருப்பாய். முன்பு ஒரு மூச்சில் வந்த சொல்லுக்கு இப்போது சில நாள் ஒரு காலைப்பொழுதே ஆகிறது. நித்யாவிடம் கேட்டேன். அவள் முதலில் மழுப்பினாள். பிறகு, மூளைக்குள் இருக்கிற கம்பிகளைச் சுற்றித் தழும்பு மூடிக்கொண்டு வருகிறது, சிக்னல் மங்குகிறது, மறுபடி திறந்து வேறு வைக்க என் உடம்பு தாங்காது என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். கண்ணின் அசைவும் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு நாள் திரையில் ஒன்றும் விழாது. மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், நான் உள்ளே முழித்துக்கொண்டிருப்பேன், உங்கள் யாருக்கும் என்னிடமிருந்து ஒரு எழுத்தும் வராது. மறுபடி ஒரு டாக்டர் உன்னைப் பார்த்து, அவங்க விருப்பம் என்ன என்று கேட்பார்.

அதற்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன். நீ சுகன்யாவோடு புடவை எடுக்கப் போயிருந்தாயே, அன்று டாக்டரும் வக்கீலும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டாக்டர் மாற்றி மாற்றிக் கேட்டார், நான் களைத்துப்போகும்வரை கேட்டார். எழுத முடிகிறவரை, கண்ணாலாவது சொல்ல முடிகிறவரை எனக்கு எல்லாம் செய்ய வேண்டும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது முடியாமல் போய், இனித் திரும்பாது என்று டாக்டர்கள் சொன்னால், வலி தெரியாமல் தூங்க மருந்து கொடுத்துவிட்டு மெஷினை நிறுத்த வேண்டும். இதுதான் என் வார்த்தை. என் பெருவிரல் ரேகை இருக்கிறது. நித்யாவும் அஞ்சலையும் சாட்சி. உன் நைனாவுக்குத் தெரியும். "எனக்குப் புடிக்கல. ஆனா நீ சொல்லிட்ட" என்றார். அந்தக் காகிதத்தில் உன் கையெழுத்து வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு தடவை போட்டுவிட்டு நீ பட்டது போதும். மனசு மாறினால் மாற்றிச் சொல்கிறேன். என்னைக் கேட்டுக்கொண்டே இரு, கேட்க முடிகிறவரை.

அஞ்சலை எல்லாம் பழகிக்கொண்ட பிறகு நீ மறுபடி வேலைக்குப் போனாய், அங்கே சுகன்யாவைப் பார்த்தாய். அவள் முதன்முதலாகத் தனியாக இங்கே வந்த நாளைச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தாள். "அத்தே, கல்யாணத்துக்கு அப்புறம் எங்ககூட ஆரம்பாக்கம் வர்றீங்களா? அவரு வரமாட்டீங்கன்னு சொல்லிட்டாரு. நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. போனை எடுக்கவில்லை. 'வரவில்லை. இங்கேயே இருக்கிறேன்' என்று எழுதினேன். நீ சொன்ன பதில்தான். நீ சொன்னது சரிதான். ஆனாலும் அவள் என்னைக் கேட்டாள். அவளோடு வாழப் போகிறவன் நீ. பல வருஷம் ஆன பிறகு அவள் மனசு உனக்குத் தலைகீழ்ப் பாடமாகிவிடும். அப்போதும் கேள். உனக்குத் தெரிந்த பதிலே வரும், அலுப்பாக இருக்கும். என்றைக்காவது ஒரு நாள் வேறு பதில் வரும். அன்றைக்கு அவளுக்கு வாய் இருக்கும், சொல்லிவிடுவாள். நீ கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணத்தைத் தள்ளாதே. அஞ்சலைக்குச் சளி உறிஞ்ச உன்னைவிட நன்றாகவே வருகிறது. ஜெனரேட்டர் இப்போது வீட்டிலேயே இருக்கிறது. உன் நைனா இருக்கிறார். என்னை மண்டபத்துக்குக் கூட்டிப்போக ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறாயாம், வேண்டாம் என்று சொல்லிவிடு. வருகிறவர்கள் உன்னைப் பார்க்க வேண்டும், என்னை இல்லை. நித்யா போனில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள், பார்த்துக்கொள்கிறேன். உன் நைனாவுக்குப் புது வேட்டி நிற்காது, இடுப்பில் பெல்ட் போட்டுவிடு. தாலி கட்டியதும் மாலையும் கழுத்துமாக இங்கே ஓடிவரப் பார்ப்பாய், உன்னைத் தெரியும் எனக்கு. ஓடிவராதே. அவளை உட்கார வைத்து, நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மெதுவாக வாருங்கள். நான் எங்கே போய்விடப் போகிறேன்.